வால்வின் நாடியைப் பார்த்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழின் வீட்டு அலங்காரப் பக்கத்தில், பழைய ரேடியோவுக்குள் கனலும் கண்ணாடிக் குப்பிகளான வால்வுகளைப் பற்றி, "உயிர் போன இந்த ரேடியோ வால்வுகளால் இனி யாருக்கும் பயனில்லை, உச்சிமுனையைக் குறட்டால் ஒடித்து, உள்ளே வண்ண எல்இடி விளக்கைச் செருகுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். உயிர் போய்விட்டதென்று நாடி பார்த்துச் சொன்ன வைத்தியரின் பெயரை மட்டும் காணவில்லை.

ரேடியோ பேசாவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டென்சரை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கருகிய அவுட்புட் டிரான்ஸ்பார்மர், எலி கடித்த வயர் என்று பார்த்துக்கொண்டே போனால் வால்வின் முறை கடைசியில்தான் வரும். ஏசி, டிசி என்று இரண்டு வகைக் கரண்டிலும் ஓடும் ஏசி/டிசி செட்டுகளில் எல்லா வால்வுகளின் பிலமெண்டும், அதாவது உள்ளே கனலும் கம்பியும், கோயில் திருவிழா சீரியல் விளக்குப்போல ஒரே சரமாக ஓடும். ஒன்று போனால் மொத்தமும் இருண்டுவிடும். அந்த ஒன்றுக்காக மற்ற நல்லவற்றையும் சேர்த்துக் காயலான் கடையில் கொட்டிய வீடுகள் எங்கள் ஊரில் எத்தனையோ.

தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு பையன், தாத்தாவின் செட்டிலிருந்து கழற்றிய வால்வுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான். ஒன்றை ஏற்கெனவே ஒடித்திருந்தான். அதன் உட்புறத்தில் பளபளத்திருக்க வேண்டிய வெள்ளிப்பூச்சு, காற்றுப் பட்டுச் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. எண்ணைப் பார்த்தேன்: ஈஎல் 84. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பு. 1961-இல் அங்கே வால்வு உற்பத்தி தொடங்கியதைப் பெருமையாகப் பேசிய தலைமுறை நாங்கள். கிடார் ஆம்பிளிஃபயர் செய்கிறவர்கள் இன்றும் தேடி வாங்குகிற ரகம் அது. மிச்சமிருந்தவற்றின் அடியில், பிலமெண்டின் இரு முனைகளான நான்காம், ஐந்தாம் பின்களுக்கு நடுவே மீட்டரை வைத்தேன். எல்லாவற்றிலும் முள் எழுந்தது, ஒன்றின் பிலமெண்டும் அறுந்திருக்கவில்லை. பையன் முகத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இது இன்றைக்கு ஆரம்பித்த கதையும் அல்ல. அம்மிக்கல்லைத் தோட்டத்து இருக்கையாக்கச் சொன்னீர்கள். நெல் அளக்கும் மரக்காலில் பேனா செருகச் சொன்னீர்கள். தையல் மிஷினின் காலைக் கழற்றி மேஜையாக்கச் சொன்னீர்கள். என் மருமகள் அதை அப்படியே நிறைவேற்றிவிட்டாள். ஓடிக்கொண்டிருந்த மிஷின் அது! முன்பெல்லாம் தங்கள் இதழில் ரேடியோ ரிப்பேருக்கென்றே ஒரு பக்கம் வரும். இப்போது அந்த இடத்தில் ராசிக்கல் விளம்பரம். அதைக் கேட்டு எழுதிய கடிதத்தில் தங்களைப் பாராட்டியிருந்த முதல் பத்தி மட்டும் அச்சேறியது. நன்றி.

வால்வுக்குப் பயன் கேட்கிறீர்கள். ஈசிஎல் 82 ஒன்றிருந்தால் போதும். ஒரே குப்பிக்குள் டிரையோடு, பென்டோடு என்ற இரண்டு வால்வுகள் இருப்பதால் மூன்று வாட் அளவுக்கு ஒரு சிறிய கிராமபோன் ஆம்பிளிஃபயர் கட்டிவிடலாம். அலங்காரம்தான் வேண்டுமென்றால், ஈஎல் 84, ஈசிஎல் 82 போன்ற வால்வின் அதே நான்கு, ஐந்தாம் பின்களுக்கு 6.3 வோல்ட் கொடுத்தால் தானே செம்மஞ்சளாய்க் கனன்று நிற்கும். குறடும் வேண்டாம், எல்இடியும் வேண்டாம்.

நான் கேட்பது கால் பத்தி இடம். 'ஒடிக்கும் முன் மீட்டரில் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் ஷாக் இருக்கும், செட்டுக்குள் கை விடாதீர்கள்' என்று போட்டால் போதும். பழைய ஏசி/டிசி செட்டின் சேசிஸிலேயே, அதாவது உள்ளிருக்கும் உலோகச் சட்டத்திலேயே, மெயின் கரண்ட் வரும் என்பதையும் சேர்த்தால் புண்ணியம்.

அடுத்த வாரம் பழைய ரேடியோ டிரான்ஸ்பார்மரில் பேப்பர் வெயிட் செய்வது எப்படி என்று அறிவித்திருக்கிறீர்கள். அதையாவது நிறுத்தி வையுங்கள். மேலே சொன்ன 6.3 வோல்ட் அதிலிருந்துதான் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக்,
கும்பகோணம்.