கதவுக்கு வெளியே ஓர் அறை: சிறைப் பிரிவிலிருந்து உயர்ந்த ஷெரிஃப்களுக்கு ஒரு திறந்த மடல்

கலிபோர்னியாவின் 58 கவுன்டிகளின் (மாவட்டங்களின்) தேர்ந்தெடுக்கப்பட்ட காவல் தலைவர்களான ஷெரிஃப்களுக்கும், அவர்களில் சிறைப் பிரிவில் பணியாற்றி மேலே வந்தவர்களுக்குக் குறிப்பாகவும், வணக்கம்.

ரோந்து வண்டியிலேயே வளர்ந்த அதிகாரிக்கு எழுதுவதென்றால் சிறை நடக்கும் விதத்தை விளக்கவே பாதி மடல் போய்விடும். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். கைதிகளைத் தலை எண்ணும் நேரத்தில் ஒரு கதவும் ஏன் திறக்காது என்பதை நேரில் பார்த்தவர்கள் நீங்கள்.

2018 ஜூலையில் கலிபோர்னியாவின் டப்ளின் நகரில் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். சாண்டா ரீட்டா சிறையிலிருந்து நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் ஒரு பெண்ணை வெளியே விட்டார்கள். கையில் ரயில் சீட்டு இருந்தது. அந்த நேரத்தில் ரயில்தான் இல்லை. சில மணி நேரத்தில் பார்ட் (BART) ரயில் நிலையத்தருகே அவர் இறந்து கிடந்தார். அதன்பின் இத்தகைய நடுராத்திரி விடுதலைகள் குறித்து வந்த மசோதாவை 2019-இல் ஆளுநர் நியூசம் வீட்டோ செய்தார்.

நடுராத்திரி விடுதலை யாரோ ஒருவரின் வன்மத்தால் நடப்பதில்லை. நீதிமன்ற உத்தரவு மாலையில்தான் சிறைக்கு வந்து சேரும். வேறு கவுன்டியில் பிடிவாரண்ட் இருக்கிறதா என்று ஆவணப் பிரிவு பார்க்க வேண்டும். இடையில் ஷிப்டு மாறும், தலை எண்ணுவார்கள். பிறகு கைரேகை, உடைமாற்றம், உடைமைப் பை. தண்டனை முடியும் தேதியோ நள்ளிரவு 12 மணிக்கே பிறந்துவிடும்.

அந்தப் பையைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். ஜூலையில் கைதானவரின் அரைக்கை பனியன், இப்போது ஜனவரி. சார்ஜ் இல்லாத கைபேசி. வீட்டார் எண்கள் எல்லாம் அதற்குள். கொண்டுவந்த ரொக்கம் பல சிறைகளில் டெபிட் அட்டையாகத்தான் திரும்பி வருகிறது. பஸ்ஸின் கட்டண உண்டியலில் அட்டையைப் போட முடியாது. விடுதலைக்காகத் தனி அறையில் காத்திருந்ததில் மாலை மாத்திரை வரிசையும் தப்பியிருக்கும்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2014-இல் வந்த சட்டப்படி, கைதி விரும்பினால் 16 மணி நேரம் வரையிலோ அலுவலக நேரம் தொடங்கும் வரையிலோ, எது குறைவோ அதுவரை உள்ளே இருக்கலாம். அதுவும் ஷெரிஃப் மனது வைத்தால். ஆனால் பூட்டிய கதவுக்கு உள்ளே நிற்பவரிடம் "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறாயா?" என்று படிவத்தை நீட்டினால் யார் கையெழுத்துப் போடுவார்? படிவம் எழுதியவர்களுக்கு இது தோன்றாமல் போயிருக்கலாம். உங்களுக்குத் தோன்றாமல் இருக்க வழியில்லை.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: கதவுக்கு வெளியே ஓர் அறை. விடுதலையானவர் விடுதலையானவராகவே உட்கார, விடியும் வரை திறந்திருக்கும் அறை. விளக்கு, கழிப்பறை, நாற்காலிகள், கைபேசி சார்ஜர், காசில்லாத தொலைபேசி, முதல் ரயில் நேரம் எழுதிய பலகை. எழுந்து போக நினைத்தால் யாரையும் கேட்காமல் போகலாம்.

பணமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தேர்தல் துண்டறிக்கைகளில் பளபளக்கும் ரோந்து வண்டியைத்தான் பார்க்கிறோம். சிறை வாசலை யாரும் அச்சடிப்பதில்லை. லாஸ் ஏஞ்சலஸ் முன்னாள் ஷெரிஃப் லீ பாக்காவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது ரோந்துப் பணி அல்ல, சிறைக்குள் நடந்ததை ஃபெடரல் விசாரணையிலிருந்து மறைக்கப் பார்த்தது. இருந்தும் பல துறைகளில் புதிய டெபுடிக்கு (ஷெரிஃப் துறைக் காவலருக்கு) சிறைப்பணி என்றால் வண்டி கிடைக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு கழிக்கும் காலம். இந்த மனப்பான்மையை மாற்றுவீர்கள் என்றுதான் சிறை தெரிந்த ஒருவர் ஷெரிஃபாக வரும்போது மகிழ்கிறோம். சாண்டா ரீட்டாவுக்குப் பொறுப்பாக இருந்த யெசீனியா சான்செஸ், பதவியிலிருந்த ஷெரிஃபையே 2022-இல் தோற்கடித்தார். அந்த ஆண்டு வென்ற ஷெரிஃப்களில் பெரும்பாலோருக்குச் சட்டத்திருத்தத்தால் பதவிக்காலம் நான்கல்ல, ஆறு ஆண்டுகள். ஓர் அறைக்கு அது போதாதா?

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சிறையின் வெளிக்கதவுக்கு அப்பால் எத்தனை நாற்காலிகள் இருக்கின்றன, சார்ஜர் இருக்கிறதா, இரவு எத்தனை மணிக்கு அந்த இடத்தைப் பூட்டுகிறீர்கள் என்ற மூன்று விவரங்களையும் பொதுவில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பூட்டுவதாக இருந்தால், பூட்டாதீர்கள்.