நீங்க இருக்கிற தைரியத்துல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல வருஷமாகத் தினமும் பேப்பர் படிக்கிறவன் என்ற உரிமையில், செய்திகளில் தைரியத்தைப் பற்றி எழுதுகிற விதத்தைக் குறித்து எழுதுகிறேன், நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள். பூட்டை உடைத்து நகையைத் தூக்கிக்கொண்டு போனால் அது 'பட்டப்பகலில் துணிகரம்'. வெறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குகிறவர் 'உயிரைத் துச்சமென மதித்து' இறங்குகிறார். கல் குவாரி மேல் மனு மேல் மனுவாகக் கொடுத்தவர் மட்டும் வெறும் 'சமூக ஆர்வலர்', அதுவும் அவர் செத்த பிறகுதான். உங்கள் பத்திரிகையைத் தனியாகக் குறை சொல்லவில்லை, எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். திருடனுக்குத் துணிகரம் என்று போடுவதை விட்டுவிடலாம், 'மர்ம ஆசாமிகள் கைவரிசை' மாதிரி அதுவும் ஒரு பழக்கம், படிக்கிற யாரும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை. மற்ற இரண்டும்தான் எனக்கு உறுத்துகிறது.

பாதுகாப்புச் சாதனம் எதுவும் இல்லாமல் ஒருவரைச் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறக்கி வேலை வாங்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவர்கள் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதையே 30 லட்சமாக்கியது. தொகை ஏறியிருக்கிறது, ஆளை இறக்குவது நிற்கவில்லை. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும், அளவு கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும், அதனால்தான் முதல் ஆள் சத்தமில்லாமல் சாய்கிறார், அவரைத் தூக்கப் போன இரண்டாவது ஆளும் அங்கேயே விழுகிறார். அந்த இரண்டாவது ஆள் செய்தது தைரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்றையக் கூலிக்காக இறங்கிய முதல் ஆளையும் வீரராக்கிவிட்டால், அவரை இறக்கிய காண்ட்ராக்டர் யார், கண்டுகொள்ளாமல் இருந்த அதிகாரி யார் என்ற கேள்வி செய்தியில் இருந்து நழுவிப் போய்விடுகிறது. "மெஷினைக் கொண்டு வாங்க, நான் இறங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கூலி இல்லாமல் வீட்டுக்குப் போனவர்களும் எங்கேயோ இருப்பார்கள்தானே? அப்படி ஒருவரைப் பற்றி இதுவரை எந்தப் பேப்பரிலும் நான் படித்ததில்லை.

நம் பேச்சில் தைரியம் என்ற இந்த வார்த்தை புழங்குகிற விதத்தைக் கவனித்தால் கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கும். "என்ன தைரியம் உனக்கு?" என்பது பாராட்டே கிடையாது, மாமியார் மருமகளையும் முதலாளி வேலைக்காரரையும் அதட்டுவது. ரேஷன் கடையில் எடை குறையுதே என்று கேட்கிற அம்மாவுக்குக் கிடைப்பதும் அதுதான், வரிசையில் பின்னால் நிற்கிற நாம் அப்போது நம் பையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அப்புறம் ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்குத் தைரியம் சொல்லிவிட்டு வருகிறோம். இதெல்லாவற்றிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு: "அண்ணே, நீங்க இருக்கிற தைரியத்துலதான் பொண்ணை அவ்வளவு தூரம் படிக்க அனுப்புறேன்." படித்தவர் படிக்காதவர் என்று எல்லார் வீட்டிலும் சாதாரணமாகச் சொல்வது. இதில் தைரியம் யாரிடம் இருக்கிறது பாருங்கள், அந்த அண்ணனிடம். இன்னொருவர் நிற்கிறார் என்கிற நம்பிக்கைக்கே தைரியம் என்று பெயர் வைத்துவிட்டோம்.

ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்காமல் போகிறார்கள், மனிதாபிமானம் செத்துவிட்டது என்று ஒரு காலத்தில் எவ்வளவு தலையங்கம் எழுதியிருப்பீர்கள்? ஜனங்களுக்குப் பயம் ரத்தத்தைப் பார்த்து வரவில்லை, ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டுமே என்றுதான். உதவி செய்தவரைப் பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, பிடித்து வைக்கக் கூடாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளுக்குச் சட்டத்தின் பலம் கொடுத்தது, 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். எங்கள் பக்கத்து பைபாஸில் இப்போது 108 வருகிறவரை காத்திருக்காமல் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறேன். அதே ஜனங்கள்தான்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன மூன்றாவது ஆளுக்கு, மனு கொடுக்கிறவருக்கு, வருகிறேன். தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலராக இருந்த லூர்து பிரான்சிஸ் மணல் கடத்தலைப் பற்றிப் போலீஸில் புகார் கொடுத்தார். 2023 ஏப்ரல் 25 அன்று அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே வைத்து வெட்டிக் கொன்றார்கள். அரசு குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் அறிவித்தது, சில மாதத்திலேயே இருவருக்கு ஆயுள் தண்டனையும் கிடைத்தது, வழக்கு அவ்வளவு வேகமாக முடிந்தது நல்லதுதான். ஆனால் அந்த வேகத்தில் பாதியாவது அவர் கொடுத்த புகாருக்கு இருந்திருக்க வேண்டாமா? திருமயம் பக்கம் குவாரிகள் மேல் தொடர்ந்து புகார் கொடுத்துவந்த முன்னாள் கவுன்சிலர் ஜகபர் அலி 2025 ஜனவரியில் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். பீகாரில் தங்க நாற்கரச் சாலை வேலையில் நடந்த ஊழலைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கே எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, என் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருந்தும் பெயர் கசிந்தது, 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சாவுக்குப் பிறகு எழுந்த கூச்சலில் பேச ஆரம்பித்து, ஊழலை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டத்தை 2014இல்தான் நிறைவேற்றினார்கள், பத்து வருஷம் கழிந்தும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. இவர்கள் யாருக்கும் தைரியத்தில் குறை இல்லை. 'நீங்க இருக்கிற தைரியத்துல' என்று சொல்ல ஆள்தான் இல்லை.

எல்லாம் பின்னணியை நம்பித்தானா, தனியாளுக்குத் தைரியமே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் வாலிபர்கள் மூழ்கியபோது அங்கே இருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரை இழுத்துப் போட்டார்கள், இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. கல்பனா சாவ்லா விருது கொடுத்தார்கள், எல்லாப் பேப்பரிலும் படம் வந்தது. ஆழத்தைப் பார்த்துப் பயப்படாததைப் பெரிதாகப் பேசினோம். முன்பின் தெரியாத வாலிபர்கள் எதிரே ஒரு கிராமத்துப் பெண் சேலையை அவிழ்ப்பதற்கு ஒரு நொடி யோசித்திருந்தாலும் அந்த இரண்டு பேரும் போயிருப்பார்கள். தண்ணீருக்கு எத்தனையோ பேர் துணிவார்கள், ஊர் என்ன சொல்லுமோ என்பதற்குத் துணிவது வேறு. இதிலும் ஒன்று கவனியுங்கள், மூன்று பேரும் சேர்ந்தே செய்தார்கள், ஒருத்தி கை வைத்ததும் மற்ற இருவரும் வைத்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

விருதுச் செய்தி, இரங்கல் செய்தி இரண்டும் நன்றாகவே எழுதுகிறீர்கள். நடுவில் ஒன்று போடலாம். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கிற படத்தைப் போடுகிறீர்கள் அல்லவா, ஒரு மாதம் கழித்து அதில் ஒரு மனுவையாவது எடுத்து, எந்த மேஜையில் நிற்கிறது, கையெழுத்துப் போட வேண்டியவர் யார், ஏன் போடவில்லை என்று கேட்டு எழுதுங்கள். மனுதாரர் பெயர் வேண்டாம், அதிகாரியின் பதவிப் பெயர் இருக்கட்டும். முதல் பக்கம்கூட வேண்டாம், ராசிபலனுக்குக் கீழே ஒரு பத்தி இடம் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
துறையூர்