மரவட்டைக்கு மருந்தடிக்க வேண்டியதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்தில் வீட்டுக்குள் நுழையும் சிற்றுயிர்கள் குறித்துத் தங்கள் நாளிதழின் இணைப்பிதழில் வெளியான கட்டுரை, மரவட்டையையும் பூரானையும் ஒரே பத்தியில் சேர்த்து, இரண்டும் நூற்றுக்கணக்கான கால்களும் நச்சுக்கடியும் உடையவை என்றும், கண்டவுடன் பூச்சிமருந்து தெளிக்க வேண்டும் என்றும் கூறியிருந்தது. உடன் அச்சாகியிருந்த படமோ, உலகின் பல நகரங்களிலும் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் ஆக்ஸிடஸ் கிராசிலிஸ் என்னும் மரவட்டையினுடையது. படம் தெளிவானது, எழுதப்பட்டதுதான் படத்தில் உள்ள உயிருக்குப் பொருந்தவில்லை.

முதிர்ந்த ஆக்ஸிடஸ் ஏறத்தாழ 2 செ.மீ. நீளமே இருக்கும். உருண்டையான மரவட்டைகளைப் போலன்றி இதன் முதுகு தட்டையானது. ஒவ்வொரு வளையத்தின் இருபுறமும் சிறகுபோல் நீளும் விளிம்புகள் வெளிர்மஞ்சளாகவும், நடுமுதுகு கரும்பழுப்பாகவும் இருப்பதால், வெறுங்கண்ணாலேயே இதனைப் பிற மரவட்டைகளிலிருந்து பெரும்பாலும் பிரித்தறியலாம். உடலில் வால்முனையையும் சேர்த்து 20 வளையங்கள் உண்டு. தலையை அடுத்த முதல் வளையத்துக்குக் கால் இல்லை. அடுத்த மூன்றுக்கும் ஒவ்வோர் இணை. ஐந்தாவது முதல் பதினெட்டாவது வரையிலான ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு இணைகள். கடைசி இரண்டுக்கும் மீண்டும் எதுவுமில்லை. கூட்டிப் பார்த்தால் பெண்ணுக்கு 31 இணைகள், அதாவது 62 கால்கள். ஆணுக்கு நடக்கும் கால்கள் 60 மட்டுமே. ஏழாவது வளையத்தின் முன்னிணை, கலவியின்போது விந்தைச் செலுத்தும் உறுப்பாக உருமாறியிருக்கிறது. இனங்களைத் துல்லியமாக அடையாளம் காண வல்லுநர்கள் உருப்பெருக்கியின் கீழ் முதலில் நோக்குவது அந்த உறுப்பின் வடிவத்தைத்தான். ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்களை உடைய மரவட்டை உண்மையிலேயே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் தரைக்குக் கீழே ஏறத்தாழ 60 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கப்பட்டு, 2021இல் விவரிக்கப்பட்ட யூமில்லிபெஸ் பெர்செபோனி என்னும் அவ்வினத்தின் ஒரு பெண்ணுக்கு 1306 கால்கள். அது எவர் வீட்டுக் குளியலறைக்கும் வரப்போவதில்லை.

இரண்டு இணைக் கால்கள் ஒரே வளையத்தில் அமைந்ததற்குக் காரணம், அவ்வளையம் கருவளர்ச்சியில் இரு கண்டங்கள், அதாவது இரு உடற்துண்டுகள், இணைந்து உருவானது என்பதே. பூரானிலோ கண்டத்துக்கு ஓர் இணைதான். அதிலும் உடலின் முதல் இணை நச்சுக்கொடுக்காக மாறித் தலைக்கடியில் மடங்கியிருக்கும். இரையைத் துரத்திப் பிடிக்கும் வேட்டையாடிக்கு அக்கொடுக்கு தேவை. மரவட்டைக்கு அப்படியொரு கருவி உடலின் எந்தப் பகுதியிலும் கிடையாது. அதன் தாடைகள் மக்கிய இலையையும் பூஞ்சை படிந்த மரத்துகளையும் அரைப்பதற்கே ஏற்றவை. ஆக்ஸிடஸுக்குக் கண்களும் இல்லை. உணர்கொம்புகளின் நுனியிலுள்ள உணர்முனைகளால் தரையைத் தட்டித் தட்டியே வழியறிகிறது. இத்தகைய ஓர் உயிரைக் கடிக்கும் பிராணிகளின் பட்டியலில் சேர்த்ததைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

அதற்குத் தற்காப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஐந்தாவது வளையம் தொடங்கிப் பத்தொன்பதாவது வரை, இடையில் சிலவற்றை விட்டு, பக்கவிளிம்புகளில் நுண்துளைகள் இருக்கின்றன. ஒவ்வொரு துளைக்கும் உள்ளே இரண்டு அறைகள் கொண்ட சுரப்பி: ஒன்றில் மாண்டலோநைட்ரைல் என்னும் சேர்மம் சேமிக்கப்பட்டிருக்கிறது, ஆபத்து நேரும்போது அது அடுத்த அறைக்குத் தள்ளப்பட்டு, நொதியால் சிதைந்து, ஹைட்ரஜன் சயனைடாகவும் பென்சால்டிஹைடாகவும் வெளியேறுகிறது. மிதிபட்ட மரவட்டையிடமிருந்து எழும் கசப்பு வாதுமை மணம் பின்னதனுடையது. சயனைடு என்ற சொல்லைக் கேட்டவுடன் அஞ்சத் தேவையில்லை. எறும்பையும் வண்டையும் விரட்டப் போதுமான அந்த அளவு திறந்த இடத்தில் மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை. ஆயினும் சிறுவர்கள் பலவற்றைப் பிடித்து மூடிய புட்டியில் அடைத்தால், அவை வெளியிடும் வளியாலேயே அவையும் சாகலாம். கையில் எடுத்தவர் கண்ணைத் தொடுமுன் சோப்பிட்டுக் கழுவிக்கொள்வதும் நல்லது. குறிப்பாக, உருண்டையான செம்பழுப்பு மரவட்டைகள் பல சயனைடுக்குப் பதிலாகக் குயினோன்கள் என்னும் வேதிப்பொருள்களைச் சுரப்பவை. அவை தோலில் கறையையும் எரிச்சலையும் உண்டாக்கும்.

இனி, கட்டுரையின் முதன்மைப் பரிந்துரைக்கு வருகிறேன். மரவட்டை மூச்சுவிடும் துளைகள் கால்களின் அடிப்பகுதியில் அமைந்தவை. பூச்சிகளைப் போல அவற்றை இறுக மூடிக்கொள்ளும் திறன் இதற்கு இல்லை. சுண்ணாம்பேறிய மேலோடு கடினமானதாக இருந்தாலும், உடலின் ஈரத்தைக் காத்துவைப்பதில் பூச்சியின் மேலோட்டுக்கு ஈடாகாது. ஆகவே இதன் வாழ்க்கை முழுவதும் ஈரமான மண்ணையும் மட்கிய குப்பையையும் சார்ந்தது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு 7 வளையங்களும், வியப்புக்குரிய வகையில் பூச்சியைப் போல ஆறே கால்களும் இருக்கும். மண்ணுக்குள் சிறு அறை அமைத்து, ஏழு முறை தோலுரித்து, ஒவ்வொரு முறையும் வளையங்களையும் கால்களையும் கூட்டிக்கொண்டே அது முதிர்கிறது. இவற்றில் எந்தக் கட்டமும் வீட்டின் உலர்ந்த தரையில் நடைபெற இயலாது. கனமழையில் மண் நீரில் ஊறும்போதோ, நீண்ட வறட்சியில் காயும்போதோ இடம்பெயரும் மரவட்டைகளுள் சில கதவிடுக்கு வழியே உள்ளே வந்து, பெரும்பாலும் ஓரிரு நாட்களில் உலர்ந்து மடிகின்றன. தானே சாகவிருப்பதன் மீது நஞ்சைத் தெளிப்பதால், அந்த நஞ்சு நம் தரையில் தங்குவதைத் தவிர வேறு பயன் என்ன? வெளியே இலைக்குப்பைக்கு அடியில் வாழும் கூட்டத்தை அந்தத் தெளிப்பு சென்றடைவதுமில்லை.

இவ்வினம் நகரங்களில் ஏன் இவ்வளவு பெருகியிருக்கிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. 1847இல் கார்ல் லூட்விக் கோக் என்னும் ஜெர்மானிய விலங்கியலாளர் இதனை விவரித்துப் பெயரிட்டார். இதன் பூர்வீகம் கிழக்கு ஆசியா என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. இன்று அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும், கடல் சூழ்ந்த ஹவாய் போன்ற தீவுகளிலும் இது காணப்படுகிறது. மெல்ல நகரும், பறக்க இயலாத ஓர் உயிர் கடல்களைத் தாண்டியதற்குக் காரணம் மனிதர்களின் செடி வணிகமே. வேரோடு மண் ஒட்டிய செடி எங்கெல்லாம் ஏற்றி அனுப்பப்பட்டதோ, அங்கெல்லாம் முட்டைகளும் குஞ்சுகளும் மண்ணோடு மண்ணாகச் சென்றன. குளிர்மிகுந்த ஐரோப்பியப் பகுதிகளில் இது பெரும்பாலும் வெப்பமூட்டப்பட்ட பசுமைக்குடில்களை விட்டு வெளியேறவில்லை. பசுமைக்குடில் மரவட்டை என்ற பெயர் அதனால் வந்தது. வெப்பநாடுகளில் அத்தடை இல்லை. நாள்தோறும் நீர் ஊற்றப்படும் பூந்தொட்டிகளும் புல்தரையும், செடியைச் சுற்றிப் பரப்பப்படும் மரச்சீவல்களும், சுவரோரம் குவியும் சருகுகளும் காட்டின் ஈரத்தை ஆண்டு முழுவதும் நகருக்குள் தேக்கிவைக்கின்றன. பசுமைக்குடில்களில் இளநாற்றுகளின் வேரை இது சில சமயம் கடித்துச் சேதப்படுத்துவதும் உண்மை. நாற்று வளர்ப்போர் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. வீட்டுத்தோட்டத்தில் அது செய்யும் வேலை பெரும்பாலும் குப்பையை உரமாக்குவதே.

வீட்டுக்குள் வந்தவற்றைத் துடைப்பத்தால் கூட்டி வெளியே விட்டால் போதும். மீண்டும் வராமலிருக்க, சுவரை ஒட்டிய சருகையும் தொட்டிகளையும் ஓரடியாவது தள்ளி வைப்பதும், கதவடி இடுக்கை அடைப்பதும், மாலையில் ஊற்றும் நீரைக் காலைக்கு மாற்றுவதும் எந்த மருந்தையும் விட நன்கு உதவும். புதிதாக வாங்கும் செடியின் தொட்டிமண்ணைக் கிளறிப் பார்த்த பிறகு தோட்டத்தில் இறக்கலாம். தங்கள் அடுத்த இணைப்பிதழில் பூரானின் நச்சுக்கொடுக்கும் மரவட்டையின் கால் வரிசையும் தெளிவாகத் தெரியும் இரு படங்களை அருகருகே வெளியிட்டு, மருந்து தெளிக்கச் சொன்ன வரியைத் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்