மூன்று சென்டிமீட்டராக இருக்கும்போதே கண்டுபிடியுங்கள்

மத்திய, ஊவா மாகாணங்களில் வைத்தியசாலைகளையும் கிளினிக்குகளையும் நடத்தும் சுகாதார அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன மாதம் குவைத்தில் வேலை செய்யும் என் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். கத்தி வைக்காமல், ஊசி குத்தாமல், ஒலியை வைத்தே ஈரலில் உள்ள கேன்சர் கட்டியை உடைத்துவிடுகிறார்கள் என்று அதில் சொன்னார்கள். கீழே அவன் ஒரு வரிதான் எழுதியிருந்தான்: "அக்கா, அத்தைக்கு இது கிடைச்சிருந்தா?" அத்தை ஈரல் கேன்சரில் எங்களை விட்டுப் போய் பதினான்கு மாதம் ஆகிறது. அவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று தேடிப் படித்தேன். படித்ததில் உங்களிடம் கேட்க வேண்டியவை நிறைய சேர்ந்துவிட்டன.

வீடியோ பொய்யில்லை. ஹிஸ்டோட்ரிப்சி என்று அதற்குப் பெயர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருபது வருஷமாக வளர்த்தெடுத்த முறை, 2023 அக்டோபரில் அந்த நாட்டு உணவு மருந்து நிர்வாகம் ஈரல் கட்டிகளுக்கு அதை அனுமதித்தது. நோயாளியை மயக்கத்தில் படுக்கவைத்து, வயிற்றின் மேல் தண்ணீர்த் தொட்டி மாதிரி ஒன்றை வைத்து, அதன் வழியாக அல்ட்ராசவுண்ட் அலைகளைக் கட்டிக்குள் ஒரு புள்ளியில் குவிக்கிறார்கள். ஒவ்வொரு துடிப்பும் கண் இமைப்பதைவிட எத்தனையோ மடங்கு குறுகியது, ஆனால் பயங்கர வலு. அந்த அழுத்தத்தில் திசுவுக்குள் இயல்பாகவே இருக்கும் வாயு குமிழிகளாகப் பொங்கி உடைகிறது, உடையும் வேகத்தில் சுற்றியுள்ள செல்கள் கூழாகிப் போகின்றன, அந்தக் கூழை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்கிறது. இரத்தக்குழாய், பித்தக்குழாய் போன்ற நார்ப்பிடிப்புள்ளவை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன. சீனாவில் 1990களிலிருந்தே ஒலியைக் குவித்துக் கட்டியைச் சூட்டால் கருக்கும் இன்னொரு முறையும் இருக்கிறது. இதில் அந்தச் சூடு கிடையாது.

சரி, எவ்வளவு தூரம் பலன்? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 44 பேருக்குச் செய்து பார்த்த ஆய்வில் 44 கட்டிகளில் 42-ஐ நினைத்தபடி அழிக்க முடிந்திருக்கிறது, 3 பேருக்குப் பெரிய சிக்கல் வந்திருக்கிறது. அனுமதி கொடுத்தவர்களே இதனால் நோயாளி எத்தனை வருஷம் கூடுதலாக வாழ்வார் என்பதை மதிப்பிட்டு இந்த அனுமதியைத் தரவில்லை என்கிறார்கள். இதை ஏன் விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இருக்கிற நகையை அடகு வைத்து வெளிநாடு போகலாமா என்று கேட்கும் குடும்பங்கள் எங்கள் லயத்திலேயே இருக்கின்றன. அவர்களுக்கு யாராவது நிதானமாகத் தமிழில் சொல்ல வேண்டும்.

அந்த ஆய்வில் சேர்த்துக்கொண்ட கட்டிகள் 3 சென்டிமீட்டர் வரைதான். அந்த வரியில்தான் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அத்தையின் கட்டியை முதன்முதலில் கண்டபோது அது 9 சென்டிமீட்டர். கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டி முப்பத்தொரு வருஷம் மலை ஏறியவர். ஒரு துளி சாராயம் தொட்டதில்லை. ஆனால் ஈரல் வருத்தம் என்று கேட்டதும் ஊரில் சிலர் குடித்திருப்பார் என்று பேசினார்கள், அது இன்றைக்கும் என் நெஞ்சில் நிற்கிறது. அவருக்கு இருந்தது சீனி வருத்தமும் ஈரலில் கொழுப்பும். இந்த நாட்டில் ஈரல் கேன்சருக்கு மஞ்சட்காமாலை வைரஸ்கள் அவ்வளவாகக் காரணமில்லை. குடியும், கொழுப்பு படிந்து ஈரல் இறுகிப்போவதும்தான் பெரும் காரணங்கள் என்று நம் வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் மாதாமாதம் ஓர் அரச வைத்தியசாலையின் சீனி கிளினிக்குக்குப் போனார். கொப்பியில் ஒரு தடவை "கொழுப்பு ஈரல்" என்று எழுதியும் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. வயிறு வீங்கிய பிறகு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள், திகதி கிடைத்தது நான்கு மாதம் கழித்து.

எந்த வைத்தியர் மேலும் எனக்குக் கோபமில்லை. ஒரு காலையில் அவர்கள் பார்க்கும் சனத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும்.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: அந்த மெஷின் கண்டியில் இருந்திருந்தாலும் அத்தைக்கு உதவியிருக்காது, கட்டி அதற்குள் அவ்வளவு பெரிதாகிவிட்டது. மெஷினை விடுங்கள். ஊசி வழியாக மின் அலையாலோ மைக்ரோவேவாலோ கட்டியைக் கருக்கும் சிகிச்சை, வெட்டி எடுக்கும் சத்திரசிகிச்சை, ராகமையில் செய்யும் ஈரல் மாற்றம், இவை எல்லாமே சின்னக் கட்டியிடம்தான் நன்றாகப் பேசும். ஊசி முறைக்கும் கிட்டத்தட்ட அதே 3 சென்டிமீட்டர் கணக்குத்தான்.

சின்னதாக இருக்கும்போது அது வலிக்காது, ஒன்றுமே தெரியாது. அதைக் காட்டிக்கொடுப்பதும் அல்ட்ராசவுண்ட்தான். கட்டியை உடைக்கிற அதே ஒலி, மெல்லியதாக. கர்ப்பிணிகளுக்குப் பார்க்கிறார்களே, அந்த ஸ்கேன் மெஷின். அது மலையகத்தில் ஏற்கனவே இருக்கிறது! ஈரல் இறுகி சிரோசிஸ் வந்தவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பார்க்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் வைத்தியர்கள் ஒத்துக்கொண்ட விஷயம். ஆறு மாதம் என்பது இந்தக் கட்டி வளரும் வேகத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு. ஸ்கேனை மட்டும் நம்பினால் ஆரம்பக் கட்டிகளில் பாதிக்கு மேல் தப்பிவிடலாம், ஏ.எஃப்.பி என்ற இரத்தப் பரிசோதனையையும் சேர்த்தால் 100-க்கு 63 வரை பிடிபடுகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். முழுமையான வலை இல்லைதான். ஆனால் அத்தைக்கு வலையே விரிக்கவில்லை.

யாருக்கு சிரோசிஸ் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சீனி கிளினிக்கிலேயே தொடங்கலாம். வயது, ஈரலுக்குப் பார்க்கும் இரண்டு என்சைம், பிளேட்லெட் எண்ணிக்கை, இந்த நான்கையும் வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்குப் போடலாம், ஃபோனிலேயே போட்டுவிடலாம். 1.3-க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் பயமில்லை, மேலே போனவர்களை அடுத்த பரிசோதனைக்கு அனுப்பலாம். புது மெஷின் வேண்டாம், வழக்கமாக எடுக்கும் இரத்தம் போதும். அதேபோல் குடியால் வயிறு வீங்கி வார்ட்டில் படுத்து எழும்புகிறவர்களை வெறும் புத்திமதியோடு வீட்டுக்கு அனுப்பாமல், ஆறு மாத ஸ்கேன் திகதியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். அவர்களும் நம் ஆட்கள்தான். குடித்ததற்காக ஒருவருக்கு ஸ்கேன் மறுக்கப்படக் கூடாது.

அப்புறம் பேர் விஷயம், அதாவது தோட்டத்தில் அன்றைய வேலைக்கு விழும் பதிவு. கிளினிக் நாளில் மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, அந்தச் சம்பளம் போய்விடும். பொகவந்தலாவையிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து ஹட்டன், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் நாவலப்பிட்டி, கம்பளை தாண்டி கண்டி என்று போய், "இன்றைக்கு ஸ்கேன் இல்லை, வேறு திகதி" என்று கேட்டுத் திரும்பினால், இரண்டாவது தடவை யார் போவார்? அத்தை போகவில்லை. ஸ்கேன் நாள் கடிதத்தைக் காட்டினால் அரைப்பேராவது போடச் சொல்லி தோட்ட நிர்வாகங்களோடு பேசுங்கள், அந்தப் பேச்சை உங்களால்தான் பேச முடியும். கடிதம் தமிழிலும் இருக்கட்டும், ஏனென்றால் சிங்களத்தில் மட்டும் எழுதிய துண்டை அத்தை மாதக்கணக்கில் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே.

ஹிஸ்டோட்ரிப்சி மெஷின் ஒருநாள் இந்த நாட்டுக்கும் வரட்டும், வர வேண்டும். நாடு முழுவதற்கும் ஒன்றிரண்டு போதும், எங்கள் ஆட்களும் அங்கே அனுப்பப்பட வேண்டும் என்று மட்டும் இப்போதே எழுதி வையுங்கள். அதற்கு முன்னால், 3 சென்டிமீட்டர் கட்டியோடு அங்கே போய்ச் சேர ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடிப் பிடிக்கும் வேலை டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் இருக்கிற ஸ்கேன் அறைகளில்தான் நடக்க வேண்டும்.

அத்தையின் மகளுக்கு வயது 41. அவளுக்கும் சீனி இருக்கிறது, கொப்பியில் அதே "கொழுப்பு ஈரல்" இருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கிளினிக். நானும் கூடப் போகிறேன், அந்த நான்கு எண்ணையும் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கப்போகிறேன்.

இப்படிக்கு,
பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மருமகள்