கடைசி வயலுக்கும் தண்ணி வர வேணும்

பரந்தன்
ஞாயிற்றுக்கிழமை

அன்பான மகள்,

நேற்று போனிலை நீ சொன்னதை இரவு முழுக்க யோசிச்சுக்கொண்டு கிடந்தன். பல்கலைக்கழக அனுமதி வெட்டுப்புள்ளியிலை தம்பிக்குக் கணினி விஞ்ஞானம் தவறினது எனக்கும் நோகுதுதான். "கொழும்பிலை கொம்பனிகள் ஆள் தேடுது, கம்பஸிலை இடத்தை இரண்டு மடங்காக்கினால் என்ன?" எண்டு கேட்டாய். ஆக்கத்தான் வேணும் பிள்ளை. இருக்கிற இடங்களிலை 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் எங்களைப்போலை பின்தங்கின 16 மாவட்டத்துக்கு எண்டு பிரிக்கினம். மொத்தம் பெருகினால்தானே எங்கடை பங்கும் பெருகும்.

ஆனால் வெயில் காலத்துச் சிறுபோக விதைப்புக்கு முன்னம் நடக்கிற கூட்டத்தை நினைச்சுப் பார். இரணைமடுக் குளத்திலை எத்தினை அடி தண்ணி நிக்குது எண்டு பாத்துத்தான் எத்தினை ஏக்கர் விதைக்கிறது எண்டு முடிவெடுக்கிறது. ஒரு வருசம் சொன்ன கணக்குக்கு மேலாலை கன பேர் விதைச்சவை. நெல் பால் பிடிக்கிற நேரம் வாய்க்கால் வத்தி, கடைசியிலை கிடந்த எங்கடை வயல் முழுக்கப் பதராப் போச்சு. நீயும் அம்மாவும் வரம்பிலை இருந்து அழுதது இண்டைக்கும் கண்ணுக்குள்ளை நிக்குது.

கம்பஸுக்குத் தண்ணி எண்டால் படிப்பிக்கிற ஆக்கள்தான். கட்டிடத்தை இரண்டு வருசத்திலை எழுப்பலாம், கணினியைக் காசு குடுத்து வாங்கலாம். ஒரு விரிவுரையாளர் உருவாகப் பட்டம், மேற்படிப்பு எண்டு பத்து வருசம் போகுது. 2022 பொருளாதார நெருக்கடியோடை எத்தினை பேர் நாட்டை விட்டுப் போச்சினம். மிஞ்சினவைக்கும் கம்பஸ் சம்பளம் உன்ரை கொம்பனிச் சம்பளத்துக்குக் கிட்டவும் வராது.

பக்கத்து வளவுப் பெடியன் காசு கட்டி ஒரு இடத்திலை பட்டம் எடுத்தவன். தேப்பன் அதுக்குக் காணியை ஈடு வைச்சவர். நாலு பேருக்கு ஒரு கணினி, மூண்டு பாடத்துக்கு ஒரே ஆசிரியர். இப்ப நேர்முகப் பரீட்சைக்குப் போய்ப் போய்த் திரும்பி வாறான். கெட்டிக்காரப் பிள்ளை, அவனிலை ஒரு பிழையும் இல்லை.

2009 இலை வவுனியாவிலையிருந்து எங்களைச் செட்டிகுளம் முகாமுக்கு ஏத்திக்கொண்டு போன அந்த றோட்டிலைதான் பம்பைமடு. 2021 ஆவணி முதலாந் திகதி அங்கை இருந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் வவுனியாப் பல்கலைக்கழகம் ஆகேக்கை நான் எவ்வளவு சந்தோசப்பட்டன் எண்டு உனக்குத் தெரியும். இஞ்சை கிளிநொச்சி அறிவியல் நகரிலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ரை பொறியியல் பீடமும் இருக்கு, கணினிப் பொறியியலும் படிப்பிக்கினம்.

அந்தப் பொறியியல் பீடத்திலை கிழமையிலை ஒரு நாள் வந்து படிப்பிக்கச் சொல்லி உன்னைக் கேட்டவை எண்டும், நீ மறுமொழி போடேல்லை எண்டும் அம்மா சொன்னா. வேலைக் களைப்பு எனக்கு விளங்குது. எண்டாலும் ஓம் எண்டு எழுது மகள். இராப் பஸ்ஸிலை வந்தாய் எண்டால் விடியப்பறம் பரந்தன் சந்தியிலை மோட்டச்சைக்கிளோடை நிப்பன். குளிச்சுச் சாப்பிட, நானே கொண்டுபோய் விடுவன்.

தம்பி கொழும்புப் பல்கலைக்கழகத்தின்ரை வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டத்துக்குப் பதியப்போறானாம். பாடங்களைப் பற்றி அவனோடை ஒருக்கால் ஆறுதலாக் கதை.

அன்புடன்,
அப்பா