விளம்பரப் பக்கங்களையும் சேர்த்தே எஸ்.எஸ். வாசனை நினைவுகூர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ்.எஸ். வாசனைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். எங்கள் பகுதிக்காரர் ஒருவருக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அந்தப் பக்கத்தில் பெரும்பகுதி அவர் எடுத்த ‘சந்திரலேகா’ படத்தின் முரசு நடனத்துக்கே போய்விட்டது. அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய பத்திரிகைக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். அதுவும் ‘ஆனந்த விகடன் இதழையும் நடத்தினார்’ என்று ‘உம்’ போட்டு எழுதிய வாக்கியம். பத்திரிகைதான் அவருடைய முதல் தொழில் என்பதையும், படத் தொழிலில் அவர் கையாண்ட முறைகள் பலவும் அங்கே பழகியவை என்பதையும் எடுத்துச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாயாருடன் சென்னைக்குப் போன வாசன், பச்சையப்பன் கல்லூரிப் படிப்பை முடிக்காமல் விட்டுவிட்டு, தபால் வழியாகப் பொருள் விற்பதிலும் பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேர்த்துக் கொடுப்பதிலும் இறங்கினார். பூதூர் வைத்தியநாதய்யர் 1926இல் தொடங்கிய ‘ஆனந்த விகடன்’ நடக்க முடியாமல் தடுமாறியபோது, தலைப்பில் இருந்த எட்டு எழுத்துகளுக்கு, எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய் கொடுத்து 1928இல் அவர் அதை வாங்கினார் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விலையைக் கேட்டு வியப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, வாங்கியவர் ஒரு விளம்பர முகவர் என்பதுதான். எந்த ஊரில் எந்தச் சரக்கு விலைபோகும், எந்த வார்த்தையைப் பார்த்து ஒருவர் மணியார்டர் அனுப்புவார் என்பதை அறிந்த ஒருவர், அந்த அறிவோடு பத்திரிகைக்குள் நுழைந்தார். அன்றைய தமிழ்ப் பத்திரிகைகளை நடத்தியவர்களில் பலர் தேசபக்தியோ இலக்கியப் பற்றோ உந்த வந்தவர்கள். கணக்குப் புத்தகம் அவர்களுக்குப் பிற்பாடுதான்.

இதைச் சொல்வதால் மற்றவர்களைக் குறைத்துப் பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். 1933இல் தோன்றிய ‘மணிக்கொடி’யை நிறுவியவர்களில் ஒருவரான எழுத்தாளர் வ.ரா.வும் திங்களூரில் பிறந்த தஞ்சை மாவட்டத்துக்காரர்தான். தமிழ்ச் சிறுகதைக்கு அந்த இதழ் செய்ததை விகடன் செய்யவில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், எழுதுபவனுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் என்ற ஏற்பாட்டை மணிக்கொடியால் தர முடியவில்லை, வாசனால் முடிந்தது. மயிலாடுதுறைப் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்து, திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் தொழில் பழகிய கல்கி, விகடனுக்கு வந்து தொடர்கதையும் இசை விமர்சனமும் தலையங்கமுமாக எழுதிக் குவித்தார் என்றால், அவருக்குப் பின்னால் அச்சுக்கூடத்தையும் முகவர்களையும் விளம்பரதாரர்களையும் கட்டி மேய்த்த ஒரு நிர்வாகி இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திருவிடைமருதூர்க்காரரான எழுத்தாளர் தேவன், தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணத்தில் ஓவியம் பயின்ற கோபுலு என்று காவிரிக்கரையிலிருந்து அங்கே போனவர்களின் வரிசை நீண்டது. பிற்கால வாசகர்கள் விகடனின் நகைச்சுவையில் தஞ்சாவூர் வாடை அடிப்பதாகச் சொல்வதுண்டு. அதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

குறுக்கெழுத்துப் போட்டிகளை வைத்து விற்பனையைப் பெருக்கினார் என்ற குறை அக்காலத்திலேயே உண்டு. பரிசுப் பணத்தின் ஆசையால் பத்திரிகை வாங்கியவர்கள் இருந்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. அதை நான் நியாயப்படுத்தவும் முற்படவில்லை. ஆனால் போட்டிக்காக வாங்கிய இதழ் வீட்டுக்குள் வந்தபின், பெண்களும் பிள்ளைகளும் அதில் கதை படித்தார்கள் என்பதும் உண்மை.

கட்டுரையாளர் அறவே தொடாமல் விட்ட ஆண்டு 1941. தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை செல்வதற்காகக் கல்கி விகடனிலிருந்து விலகினார். விகடனின் விளம்பரப் பிரிவைக் கவனித்துவந்தவரும், லால்குடியை அடுத்த ஆங்கரையில் பிறந்தவருமான டி. சதாசிவத்துடன் சேர்ந்து, அவ்வாண்டு ஆகஸ்டில் ‘கல்கி’ இதழைத் தொடங்கினார். அதாவது, விகடனின் முதன்மையான எழுத்தாளரும் விளம்பர வருமானத்தின் நுணுக்கம் தெரிந்தவரும் ஒன்றாகப் போய், எதிரிலேயே கடை விரித்தார்கள். ஒரே மனிதரின் பேனாவை நம்பியிருக்கும் பத்திரிகை இப்படிப்பட்ட அடியில் படுத்துவிடும். விகடன் படுக்கவில்லை. தேவன் நிர்வாக ஆசிரியராகப் பொறுப்பேற்று, 1957இல் மறையும்வரை அதை நடத்தினார். பிறகு வாசனின் மகன் எஸ். பாலசுப்ரமணியன் காலத்திலும் அது தொடர்ந்தது. வாசனின் திறமைக்கு நான் காட்டக்கூடிய பெரிய சான்று ‘சந்திரலேகா’ அல்ல, இதுதான்.

திரைப்படத்துக்கும் அவர் போனது பத்திரிகை வழியாகத்தான். விகடனில் அவர் எழுதிய ‘சதிலீலாவதி’ 1936இல் படமானது, எம்.ஜி.ஆர். முதன்முதலில் திரையில் தோன்றிய படம் அது. பாபநாசத்துக்காரரான இயக்குநர் கே. சுப்பிரமணியம் ‘தியாகபூமி’யைப் படமாக்கியபோது, கல்கியின் தொடர்கதைக்கு ஓவியத்துக்குப் பதிலாகப் படக்காட்சிகளின் புகைப்படங்களே விகடனில் அச்சாயின. 1939இல் படம் திரைக்கு வந்தபோது கதை ஏற்கெனவே வாசகர்களின் வீடுகளில் புழங்கிக்கொண்டிருந்தது. இன்று நிறுவனங்கள் கூட்டம் போட்டுத் திட்டமிடுகிற காரியம் இது. சுப்பிரமணியத்தின் படப்பிடிப்புக் கூடம் தீ விபத்துக்குப் பின் ஏலத்துக்கு வந்தபோது, அதை வாங்கி ஜெமினி ஸ்டூடியோவாக்கிய வாசன், அங்கும் கலைஞர்களை மாதச் சம்பளத்தில் அமர்த்தினார். 1948இல் ‘சந்திரலேகா’வுக்காக நாடு முழுவதும் செய்த விளம்பரமும், இளமையில் தபால் வியாபாரத்தில் கற்ற பாடத்தின் விரிவுதான். மாநிலங்களவை உறுப்பினர் பதவியும் 1969இல் பத்மபூஷண் விருதும் பின்னால் வந்தவை. அவற்றைத் தங்கள் கட்டுரையே போதிய அளவு சொல்லியிருக்கிறது.

வாசனின் இந்தப் பக்கம் மறக்கப்பட்டதற்குக் காரணம் கட்டுரையாளர் மட்டும் அல்ல. எங்கள் பகுதி வீடுகளில் வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைக்கும் வழக்கம் இருந்தது. நூலகத்துக்கு நன்கொடையாக வந்த அத்தகைய தொகுப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கதை முழுமையாக இருக்கும், படங்கள் இருக்கும், அட்டையும் விளம்பரங்களும் போட்டி அறிவிப்புகளும் முகவர்களுக்கான குறிப்புகளும் இருக்காது. கல்கியையும் தேவனையும் ஆராய விரும்புபவருக்கு அந்தத் தொகுப்பு போதும். ஒரு பத்திரிகை யாரிடம் காசு வாங்கி யாருக்குச் சம்பளம் கொடுத்தது என்று அறிய விரும்புபவருக்கு அதில் ஒன்றுமில்லை.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பரம்பரையாகப் பத்திரிகை முகவர்களாக இருந்த குடும்பங்களைத் தேடி, ரயிலில் வந்திறங்கிய கட்டுகளை அவர்கள் எப்படிப் பிரித்துக் கொடுத்தார்கள், மீந்த பிரதிகளை என்ன செய்தார்கள், டெபாசிட் தொகையை எப்படித் திரட்டினார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு வெளியிட வேண்டும். அவர்களில் முதியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது. அடுத்ததாக, பிரிக்கப்படாத பழைய வார இதழ்களை வைத்திருப்பவர்கள் அவற்றைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாமல் மாவட்ட மைய நூலகங்களிடம் ஒப்படைக்குமாறு தங்கள் நாளிதழ் ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டும். நூலகத் துறை ஏற்றுக்கொள்ள முன்வருமானால், என்னிடம் இருக்கும் முழு இதழ்களை நானே கொண்டுவந்து கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர்,
மன்னார்குடி.