ஸ்லக் எது நல்லது என்று பேரல்தான் சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஏர்கன் சுடுவது பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். இந்த விளையாட்டுக்கு ஒரு தமிழ்ப் பத்திரிகை முழுப்பக்கம் ஒதுக்கியதே பெரிய சந்தோஷம். ஆனால் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்களே, பெல்லட் என்ற வழக்கமான ஏர்கன் குண்டைவிட ஸ்லக் என்ற குண்டு துல்லியமானது, புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராக அதையே வாங்கிவிடலாம் என்று, அதை நம்பி எத்தனை பேர் காசைக் கொட்டப் போகிறார்களோ என்றுதான் இதை எழுதுகிறேன்.

வழக்கமான பெல்லட்டுக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும். முன்னால் கனமான தலை, பின்னால் குடைந்தெடுத்த மெல்லிய பாவாடை. உள்ளே காற்று தள்ளும்போது பாவாடை விரிந்து பேரலின், அதாவது துப்பாக்கிக் குழலின், உள்ளே வெட்டிய சுருள் வரிகளைக் கவ்விக்கொள்ளும், வெளியே போனதும் எதிர்க்காற்று அந்தப் பின்பக்கத்தைப் பிடித்து இழுப்பதால் மூக்கு நேராகவே நிற்கும். பாதி வேலையை வடிவமே பார்த்துக்கொள்கிறது. ஸ்லக்குக்கு இடுப்பும் கிடையாது, பாவாடையும் கிடையாது, அது உருளையான ஈயத்துண்டு, கிட்டத்தட்ட நிஜத் தோட்டா மாதிரி. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், வேகம் சீக்கிரம் குறையாது, 75, 100 மீட்டரில் பக்கக்காற்று அடித்தாலும் பெல்லட் அளவுக்கு விலகாது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் அதை நேராகப் பறக்க வைப்பது சுழற்சி ஒன்றுதான், அந்தச் சுழற்சியைக் கொடுக்க வேண்டியது உங்கள் பேரல். பெல்லட்டுக்காகச் செய்த பல பேரல்களில் வரி ஒரு முழுச் சுற்று சுற்ற 450 மில்லிமீட்டர் எடுக்கும். பெல்லட்டுக்கு அது போதும், நீளமான ஸ்லக்குக்குப் போதாமல் போகலாம், அப்போது அது தள்ளாடிக்கொண்டே போய்ச் சேரும். அப்புறம் பேரல் வாயருகே லேசாக ஒடுக்கியிருப்பார்களே, சோக் என்பது, பெல்லட்டைச் சீராக்கும் அதே ஒடுக்கம் ஸ்லக்கைச் சில நேரம் நசுக்கிக் கெடுக்கிறது.

இன்னொன்றை அந்தப் பெட்டிச் செய்தி தொடவே இல்லை. நம் நாட்டில் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளும் ஏர்கன்னுக்கு இரண்டு எல்லைகள்: துளை, அதாவது பேரலின் உள்விட்டம், 4.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, சக்தி 20 ஜூல் அளவைத் தாண்டக் கூடாது. வீடியோக்களில் 100 மீட்டரில் சின்னத் தகட்டைத் தட்டுகிறார்களே, அவர்கள் பெரும்பாலும் கையில் வைத்திருப்பது 5.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள பிசிபி, அதாவது முன்கூட்டியே அழுத்தி அடைத்த காற்றால் சுடும் துப்பாக்கி. 25 கிரெயின் ஸ்லக், அதாவது சுமார் 1.6 கிராம், விநாடிக்கு 275 மீட்டர் வேகத்தில் போனால் சக்தி 60 ஜூல் அளவைத் தொடுகிறது. நம் வரம்பைப் போல மூன்று மடங்கு. இங்கே கடையில் வாங்கும் 4.5 ஸ்பிரிங் கன்னில் ஸ்லக்கைப் போட்டால் வரியில் இறுகி, வேகம் செத்து, பெல்லட்டைவிட மோசமாக விழத்தான் வாய்ப்பு அதிகம். அந்த வகைத் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் ஸ்லக் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. கடைக்காரர் வேறு மாதிரி சொல்வார், அவருக்கு ஸ்லக் டின் விற்க வேண்டும்.

சரி, முறையான லைசென்ஸும் பொருத்தமான பிசிபியும் இருக்கிறது, நல்ல ரேஞ்சும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எந்த பிராண்ட் நல்லது என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. 5.5 துளைக்கான ஸ்லக்கே .216, .217, .218 அங்குலம் என்று தனித்தனி அளவில் வருகிறது, இடைவெளி ஒவ்வொன்றும் 0.025 மில்லிமீட்டர்தான், ஆனால் ஒரு பேரலில் .217 நெருக்கமாக ஒரே இடத்தில் அடிக்கும், அதே மாடலின் அடுத்த பேரலில் .218 இல்லாமல் வேலை நடக்காது. அளவைப் பிடித்த பிறகுதான் எடை, அதற்குப் பிறகுதான் வேகம். வேகத்தை ஒலியின் வேகத்துக்கு, அதாவது விநாடிக்கு 340 மீட்டர் சுமாருக்கு, நெருங்க விடாமல் நன்றாகக் கீழேயே வைத்து, குரோனோகிராஃப் என்ற வேகம் அளக்கும் கருவியைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிச் சுட்டுப் பார்க்க வேண்டும். ஏதோ ஒரு வேகத்தில் ஓட்டைகள் நெருங்கி வரும், அதைத் தாண்டினால் மறுபடி சிதறும்.

சோதனையில் எல்லோரும் கோட்டை விடும் இடம் எண்ணிக்கை. மூன்று குண்டு சுட்டு, மூன்றும் ஒட்டி விழுந்ததும் படம் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதே துப்பாக்கி, அதே ஸ்லக், அதே ஆள், பத்து குண்டு சுட்டால் குரூப்பின், அதாவது ஓட்டைக் கூட்டத்தின், அகலம் சராசரியாக மூன்று குண்டுக் குரூப்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலே போகும். இது யாருடைய குறையும் இல்லை, கணக்கு அப்படி. அதனால் மூன்று மூன்றாகச் சுட்டு இந்த டின் நல்லது, அந்த டின் மோசம் என்று முடிவு கட்டுவது கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கிப் பார்ப்பதுதான். பத்துப் பத்தாகச் சுடுங்கள், ஒரே நாளில் மாற்றி மாற்றிச் சுடுங்கள், காலையில் ஒன்று, மாலைக் காற்றில் இன்னொன்று என்று ஒப்பிடாதீர்கள். கெட்டுப்போன ஒரு குண்டை 'அது என் கை' என்று கணக்கிலிருந்து தள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அளக்கும்போது ஒன்றுக்கொன்று மிகத் தள்ளியிருக்கும் இரண்டு ஓட்டைகளின் வெளிவிளிம்பு முதல் வெளிவிளிம்பு வரை அளந்து, குண்டின் விட்டத்தைக் கழித்தால் போதும். டின் மாற்றும்போது பேரலைத் துடைத்து, முதலில் சிலதைச் சும்மா சுட்டுவிட்டுப் பிறகு கணக்கெடுங்கள், ஏனென்றால் முந்தைய குண்டின் ஈயமும் எண்ணெயும் உள்ளே படிந்திருக்கும். ஸ்லக் பேரலோடு அதிகம் உரசுவதால் இந்த ஈயப்படிவு தொல்லையும் கூட இருக்கும்.

ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்து மதிப்பெண் புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இப்போது சுடுவதும் இதே போட்டியில்தான். அங்கே ஸ்லக்குக்கு வேலையே இல்லை. தட்டைத் தலை வைத்த, அரை கிராமை ஒட்டிய பெல்லட்தான், துப்பாக்கியின் சக்தியும் 7.5 ஜூல் சுமார்தான். ஆனால் அந்த பெல்லட்டையே 4.49, 4.50 என்று தலையளவு வாரியாக வாங்கி, ரைஃபிளைப் பிடிப்பானில் இறுக்கி, ஆளின் கை நடுக்கம் கலக்காமல் சுட்டுப் பார்த்து, எந்த லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதி, ஒத்துப்போகிறதோ அந்த லாட்டிலேயே மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதே பிராண்ட், அதே அளவு, லாட் எண் மட்டும் மாறினாலும் மறுபடி சோதிப்பார்கள். உங்கள் கட்டுரையாளர் ஏதாவது ஒரு ரைஃபிள் கிளப் பக்கம் போய்க் கோச்சிடம் பேசியிருந்தால் இதையெல்லாம் அவரே எழுதியிருப்பார்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வரி இல்லை. ஸ்லக் வேகத்தை இழக்காது என்பதை நல்ல குணமாகப் போட்டவர்கள், அதே காரணத்தால் குறி தப்பினால் அது பெல்லட்டைவிட வெகுதூரம் பலத்தோடு போகும், கல்லிலோ இரும்பிலோ பட்டால் தெறித்துத் திரும்பும் என்பதையும் போட்டிருக்க வேண்டாமா? மொட்டை மாடியில் அட்டைப்பெட்டியை வைத்துச் சுடுகிற பையன்களும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காருகிறவர்கள் அவர்களில் எத்தனை பேரோ.

அடுத்த முறை இந்தப் பக்கம் வரும்போது, துல்லியம் என்று யார் சொன்னாலும், என்ன தூரத்தில், எத்தனை குண்டில், எந்தத் துப்பாக்கியில் என்ற மூன்றையும் கேட்டு, சுட்ட காகிதத்தின் படத்தோடு போடுங்கள். படத்தில் பத்து ஓட்டை இருக்கிறதா என்று நான் எண்ணிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
கோவை